இல்லாத ஊருக்கு ஏங்கும் பாட்டு: பாடும் கௌபாய்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாடும் கௌபாய் என்றால் யார்? நிஜ மனிதரா, சினிமாப் பாத்திரமா?

சினிமாப் பாத்திரம்தான். 1930களின் நடுவில் தொடங்கி 1950களின் நடுவரை, சுமார் இருபது ஆண்டுகள் ஹாலிவுட்டில் ஓடிய ஒரு வகைப் படத்தின் நாயகன். அகலமான தொப்பி, பூவேலை செய்த சட்டை, பளபளவென்று தேய்த்துவிட்ட குதிரை, கையில் ஒரு கிட்டார். படம் ஏறக்குறைய ஒரு மணி நேரம். அதற்குள் ஏழை விவசாயியின் நிலத்தைப் பறிக்க வந்தவனை மடக்கிப் பிடித்து, நாலைந்து பாட்டும் பாடி முடித்துவிடுவான். சண்டை உண்டு, ரத்தம் கிடையாது. காதல் உண்டு, முத்தம் அபூர்வம்.

நட்ட நடு வெட்டவெளியில் அவன் பாடும்போது கூடவே ஒலிக்கும் பிடிலையும் அக்கார்டியனையும் எந்தப் புதருக்குப் பின்னால் உட்கார்ந்து யார் வாசிக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. நம் சினிமாவில் ஊறியவர்களுக்கு இது ஒரு கேள்வியே அல்ல.

உண்மையான மாடு மேய்ப்பவர்கள் பாடினார்களா?

பாடினார்கள். பொழுதுபோக்குக்காக மட்டும் அல்ல. அது வேலையின் ஒரு பகுதி.

1867லிருந்து 1880களின் நடுவரை டெக்சாஸிலிருந்து வடக்கே கான்சாஸின் ரயில் நிலையங்களுக்கு மாட்டு மந்தைகளை ஓட்டிச் சென்றார்கள். இரண்டாயிரம், மூவாயிரம் மாடுகள். கூடப் போகிறவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். நாளொன்றுக்கு இருபது கிலோமீட்டர் நடந்தால் அதிகம். பகலைச் சமாளித்துவிடலாம். இரவுதான் ஆபத்து. நெடுங்கொம்பு மாடு எதற்கு மிரளும் என்று சொல்ல முடியாது: மின்னல் வெட்டினாலும் மிரளும், யாராவது தும்மினாலும் மிரளும். ஒன்று எழுந்து ஓடினால் மூவாயிரமும் ஓடும். இருட்டில், வளை தோண்டிய தரையில், அதன் முன்னால் குதிரை ஓட்டுகிறவன் விழுந்தால் காலையில் அடையாளம் காண்பதற்கே ஒன்றும் இருக்காது.

ஆகவே இரவில் இரண்டிரண்டு பேராகக் காவல். ஒருவர் மந்தையை வலமாகச் சுற்றுவார், மற்றவர் இடமாக. சுற்றும்போது வாய் மூடாமல் பாடிக்கொண்டே இருப்பார்கள். குரல் தொடர்ந்து வந்தால், இருட்டில் நெருங்கி வருவது ஓநாய் அல்ல, மனிதன் என்று மாட்டுக்குத் தெரியும். பாடுகிறவன் சேணத்திலேயே தூங்கி விழாமலும் இருப்பான். தெரிந்த பாட்டெல்லாம் தீர்ந்துபோனால் கோயில் ஞானப்பாட்டு. அதுவும் தீர்ந்தால் வாயில் வந்த வசவை ராகம் போட்டு இழுப்பது. மாட்டுக்கு அர்த்தம் முக்கியம் இல்லை, சத்தம் மெதுவாகவும் சீராகவும் இருந்தால் போதும்.

நல்ல குரல் வேண்டும் என்ற கட்டாயம் இருந்ததில்லை. கிட்டாரும் கிடையாது, மந்தையைச் சுற்றுகிறவனுக்குக் கடிவாளம் பிடிக்கவே கை வேண்டும்.

திரையில் கேட்பது அந்தப் பாடல்கள்தானா?

மிகச் சில. அசல் பாடல்கள் பெரும்பாலும் சாவைப் பற்றியவை. 1893இல் மொன்டானாவின் ஒரு கால்நடை வளர்ப்போர் பத்திரிகையில் டி. ஜே. ஓ'மாலி என்ற மாடு மேய்ப்பவர் எழுதிய கவிதை ஒன்று இருக்கிறது. இலையுதிர் காலத்தில் வேலை முடிந்ததும் ஊருக்குப் போய் அம்மாவைப் பார்க்கப்போகிறேன் என்கிறான் ஒருவன். அன்றிரவே மந்தை மிரள்கிறது, அவன் நசுங்கிச் சாகிறான். 1925இல் கார்ல் ஸ்ப்ரேக் என்ற டெக்சாஸ்காரர் இதை இசைத்தட்டில் பாடினார். பெரிய அளவில் விற்ற முதல் கௌபாய்ப் பாட்டு அதுதான்.

சினிமாவுக்கு வந்ததும் சாவு மெல்ல விலகி நிலா வந்தது. மாலை வெளிச்சம், வீடு திரும்பும் பாதை, காத்திருக்கும் பெண். இந்தப் பாடல்களில் மாடு உண்டு, சாணம் இல்லை. மாதம் முப்பது, நாற்பது டாலர் கூலியைப் பற்றிய பேச்சும் இல்லை.

அவற்றை எழுதியவர்களாவது அந்தப் பக்கத்து ஆட்களா?

இங்கேதான் விஷயம் ருசிக்கிறது.

1933இல் நியூயார்க் நகரையே உருகவைத்த 'த லாஸ்ட் ரவுண்டப்' என்ற பாட்டை எழுதிய பில்லி ஹில், பாஸ்டனில் பிறந்தவர். பாடும் கௌபாய் நட்சத்திரம் ஜீன் ஆட்ரி பாடிப் புகழ்பெற்ற 'சவுத் ஆஃப் த பார்டர்', மெக்சிகோ எல்லையைத் தாண்டிய காதலைப் பற்றியது. அதை எழுதிய இருவரும் லண்டனில் தொழில் செய்தவர்கள்.

எல்லாரையும்விட எனக்குப் பிடித்தவர் பாப் நோலன். கனடாவின் வினிபெக்கில் பிறந்தவர். பதின்ம வயதில் அரிசோனாவின் டூசான் நகருக்கு வந்து பாலைவனத்தைப் பார்த்து வாயடைத்துப் போனவர். பிறகு லாஸ் ஏஞ்சலஸில், பணக்காரர்களின் கோல்ஃப் மைதானத்தில் மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு நடக்கும் வேலை. அந்த நாட்களில் காற்றில் உதிர்ந்து உருளும் இலைகளைப் பற்றி ஒரு பாட்டு எழுதினார். பிறகு இலை, உருண்டோடும் முட்செடியாக மாறி 'டம்ளிங் டம்பிள்வீட்ஸ்' ஆனது. அமெரிக்க மேற்கின் தேசிய கீதம் என்று சொல்லும் அளவுக்கு நிலைத்துவிட்ட பாட்டு.

அந்த முட்செடிக்கும் ஒரு பூர்வகதை இருக்கிறது. வேரறுந்து, காய்ந்து, பந்தாக உருண்டு போகும் அந்தச் செடியைக் காட்டாமல் எந்த கௌபாய்ப் படமும் முடியாது. அது அமெரிக்கச் செடியே அல்ல. 1870களில் ரஷ்யாவிலிருந்து வந்த ஆளி விதை மூட்டையில் கலந்து தெற்கு டகோட்டாவில் இறங்கிய களை. ஆக, கனடாவில் பிறந்தவர், கலிபோர்னியாவில் கோல்ஃப் பை தூக்கியபடி, ரஷ்யக் களையைப் பற்றி எழுதிய பாட்டைக் கேட்டுத்தான் அமெரிக்கர்கள் தங்கள் மண்ணின் வாசனை வருகிறது என்று கண்கலங்குகிறார்கள். நானும்தான்.

ஜீன் ஆட்ரியா, ராய் ரோஜர்ஸா? யார் பெரியவர்?

தலைமுறைச் சண்டை இது. எங்கும் உண்டு.

ஆட்ரி 1907இல் டெக்சாஸின் டியோகா அருகே பிறந்தார். ஓக்லஹோமாவில் ரயில்வே தந்தி குமாஸ்தா. இரவுப் பணியில் தூக்கம் வராமல் இருக்க கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தபோது, தந்தி கொடுக்க வந்த நகைச்சுவைப் பேச்சாளர் வில் ரோஜர்ஸ் கேட்டுவிட்டு, வானொலிப் பக்கம் போகச் சொன்னார் என்பது ஆட்ரியே காலமெல்லாம் சொல்லிவந்த கதை. சிகாகோ வானொலியில் பெயர் வாங்கி, 1934இல் சினிமாவுக்கு வந்து, 93 படங்களில் நாயகனாக நடித்தார். ஓக்லஹோமாவில் பெர்வின் என்ற சிற்றூர் 1941இல் தன் பெயரையே 'ஜீன் ஆட்ரி' என்று மாற்றிக்கொண்டது.

ராய் ரோஜர்ஸின் இயற்பெயர் லெனர்ட் ஸ்லை. 1911இல் ஓஹையோவின் சின்சினாட்டி நகரில் பிறந்தவர்; மேற்கு அல்ல. பொருளாதாரப் பெருமந்த காலத்தில் குடும்பத்தோடு கலிபோர்னியாவுக்கு வந்து பீச் பழம் பறித்தவர். பாப் நோலன், டிம் ஸ்பென்சர் ஆகியோருடன் சேர்ந்து பாட்டுக் குழு தொடங்கினார். 1938இல் சம்பளத் தகராறில் ஆட்ரி படப்பிடிப்புக்கு வராமல் போக, ரிபப்ளிக் ஸ்டுடியோ அவருடைய இடத்தில் இவரை நிறுத்தியது. அந்தப் படத்தோடு இவரும் நட்சத்திரம். ஆட்ரி 1942இல் ராணுவ விமானப் படைக்குப் போனதும் முதலிடம் ராய்க்கு வந்து, பதினோரு ஆண்டுகளுக்கு மேல் அவரிடமே இருந்தது.

பாட்டை மட்டும் வைத்துப் பேசினால், ராயின் குரல் சுத்தம். ஆட்ரியின் குரல் நம் திண்ணையில் உட்கார்ந்து பேசும் குரல். மூக்கால் கொஞ்சம் பாடுவார், எதையும் வலிந்து செய்ய மாட்டார். நான் ஆட்ரி பக்கம்.

ஏன் 1930களில் இப்படி ஒரு மோகம்?

1920ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான், முதன்முறையாக, அமெரிக்கர்களில் பாதிக்கு மேற்பட்டோர் நகரங்களில் வாழ்வதாகத் தெரியவந்தது. பத்தே ஆண்டில் பெருமந்தம். வங்கிகள் மூடின, பண்ணைகள் ஏலம் போயின, சமவெளியில் மழை பொய்த்து மண்ணே புழுதியாகப் பறந்தது. ஊரை விட்டுக் கிளம்பியவர்கள் தொழிற்சாலை வாசலிலும் பழத்தோட்டத்திலும் வரிசையில் நின்றார்கள். அவர்களிடம் இருந்த ஒரே ஆடம்பரம் வானொலிப் பெட்டி.

அதில் ஒருவர், அவசரமே இல்லாத குரலில், வேலி இல்லாத நிலத்தைப் பற்றிப் பாடுகிறார். முதலாளி இல்லை, கடன் இல்லை, வாடகை இல்லை. குதிரையும் வானமும் மட்டும். கேட்கிறவனுக்கு அது தாத்தாவின் காலம். தாத்தாவுக்கும் அப்படி வாய்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

அப்படியென்றால், புதிதாக வந்தபோதே அது பழைய நினைவைத்தான் விற்றதா?

ஆம். இந்தப் பக்கத்தில் நான் சொல்ல வருவதே இதுதான். இன்றைக்கு எண்பது, தொண்ணூறு ஆண்டுகள் கழித்து இவை பழம்பாடல்களாகி, அதனால் ஏக்கம் தருகின்றன என்று பலரும் நினைக்கிறார்கள். 1935இல் இசைத்தட்டு கடைக்கு வந்த அன்றே இவை ஏக்கப் பாடல்கள். மந்தை ஓட்டிய காலம் முடிந்து ஐம்பது ஆண்டு ஆகியிருந்தது. 1874இல் காப்புரிமை பெற்ற முள்கம்பி, திறந்த வெளி முழுவதையும் துண்டுதுண்டாக்கி முடித்திருந்தது.

ராய் ரோஜர்ஸின் குழுவுக்குப் பெயர் வந்த விதத்தையே பாருங்கள். 'பயனியர்' என்றால் மேற்கே முதலில் குடியேறிய முன்னோடி. அவர்கள் தங்களை முன்னோடி மூவர் என்றுதான் அழைத்துக்கொண்டார்கள். வானொலி அறிவிப்பாளர் ஒருவர், 'இந்த வயதில் இவர்கள் எங்கே முன்னோடிகள்?' என்று நினைத்து, 'முன்னோடிகளின் பிள்ளைகள்' என்று மாற்றி அறிவித்துவிட்டார். சன்ஸ் ஆஃப் த பயனியர்ஸ் என்ற அந்தப் பெயரே நிலைத்தது. இதைவிடப் பொருத்தமாக யோசித்திருந்தாலும் வைத்திருக்க முடியாது.

ஆட்ரியின் படங்கள் இன்னும் வேடிக்கை. குதிரையும் இருக்கும், காரும் இருக்கும், தொலைபேசியும் விமானமும் இருக்கும். 1935இல் அவர் நடித்த 'த ஃபேண்டம் எம்பயர்' என்ற பன்னிரண்டு பகுதித் தொடரில், பண்ணைக்கு அடியில், பாதாளத்தில், இயந்திர மனிதர்களோடு ஒரு ராஜ்யமே இருக்கிறது. நாயகன் அதிலிருந்து தப்பி, பிற்பகல் 2 மணி வானொலி ஒலிபரப்புக்குள் மேலே வந்து பாடியாக வேண்டும். பாடாவிட்டால் ஒப்பந்தம் போய்விடும், பண்ணையும் கைவிட்டுப் போய்விடும். பாதாள ராணியை விட்டுவிட்டு வானொலி நிலையத்துக்கு ஓடும் கௌபாய்! சிரித்துக்கொண்டே பார்க்கலாம்.

'ஹோம் ஆன் த ரேஞ்ச்' பாட்டை எழுதியது யார்?

மாடு மேய்ப்பவர் அல்ல, மருத்துவர். இண்டியானாவிலிருந்து கான்சாஸ் போய் ஓர் ஓடைக்கரையில் குடிசை போட்ட பிரூஸ்டர் ஹிக்லி, 1870களின் தொடக்கத்தில் எழுதிய கவிதை அது. ராகம் போட்டவர் டேனியல் கெல்லி. மான்கள் விளையாடும் இடம், மனம் தளரவைக்கும் சொல் அபூர்வமாகவே காதில் விழும் இடம் என்று வர்ணித்தார். எழுதி ஓரிரு ஆண்டில், 1874இல், வெட்டுக்கிளிக் கூட்டம் இறங்கிக் கான்சாஸில் பச்சை என்று ஒன்றையும் விடாமல் தின்றுவிட்டுப் போனது. கவிதையில் அதற்கெல்லாம் இடம் இல்லை. இன்று எல்லாரும் பாடும் 'ஆன் த ரேஞ்ச்' என்ற சொற்றொடரும் அவர் எழுதியதில் இல்லை. வாய்வழி வந்து ஒட்டிக்கொண்டது.

நாட்டுப்பாடல் திரட்டிய ஜான் லோமாக்ஸ் டெக்சாஸின் சான் அன்டோனியோவில் இதைக் கேட்டு எழுதிக்கொண்டது, முன்பு மந்தைகளோடு சமையற்காரராகப் போய்வந்த ஒரு கறுப்பினச் சாராயக்கடைக்காரரிடம். 1910இல் அச்சேறியது. 1930களில் வானொலி எங்கும் இதே பாட்டாக ஒலித்தபோது, அரிசோனாவிலிருந்து ஒரு தம்பதி, பாட்டு தங்களுடையது என்று ஐந்து லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டார்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஊர் ஊராக அலைந்து கிழவர்களையும் பழைய பத்திரிகைகளையும் தேடிப் பிடித்த பிறகுதான் மருத்துவரின் பெயர் வெளியே வந்தது. 1947இல் கான்சாஸ் இதை மாநிலப் பாட்டாக ஏற்றது.

அந்த 'யோடலே ஈ' என்ற இழுவை எங்கிருந்து வந்தது?

ஆல்ப்ஸ் மலைப் பக்கத்திலிருந்து. நெஞ்சிலிருந்து வரும் குரல் திடீரென்று பொய்க்குரலுக்குத் தாவி, மறுபடி கீழே விழும். தாவும் அந்த இடத்தில் சாதாரணப் பாடகன் குரல் உடைவதை மறைப்பான். யோடல் பாடுகிறவன் அந்த உடைசலையே எடுத்துக்காட்டுவான். அழுகையும் சிரிப்பும் தொண்டையில் ஒரே இடத்தில்தான் உடைகின்றன. அதனால்தான் இது சந்தோஷப் பாட்டிலும் கொஞ்சம் துக்கமாகக் கேட்கிறது.

அமெரிக்க நாட்டுப்புற இசையில் இதைப் பரப்பியவர் மிசிசிப்பியைச் சேர்ந்த ரயில்வே தொழிலாளி ஜிம்மி ரோஜர்ஸ். 1927இலிருந்து பாடிவந்தவர், 1933இல் காசநோயில் இறந்தார். ஆட்ரியின் ஆரம்பகாலத் தட்டுகளைக் கேட்டால் அப்பட்டமான ஜிம்மி ரோஜர்ஸ் நகல். 1935இல் பாட்ஸி மொன்டானா என்ற ஆர்க்கன்சாஸ் பெண், கௌபாயின் காதலியாக வேண்டும் என்று யோடலோடு பாடிய பாட்டு, கன்ட்ரி இசையில் ஒரு பெண் பாடி பத்து லட்சம் பிரதிகள் விற்ற முதல் தட்டு என்று பெயர் பெற்றது. பாட்டைக் கவனித்தால், அவளுக்கு வேண்டியது காதலனைவிடக் குதிரையும் சுருக்குக் கயிறும்தான் என்று தோன்றும்.

நமக்கு இந்தச் சத்தம் அந்நியமே அல்ல. தூத்துக்குடியில் பிறந்து கொழும்பில் வளர்ந்த ஜே. பி. சந்திரபாபு தமிழ் சினிமாவுக்குள் கொண்டுவந்த குரல் வித்தை இதுதான். இந்தியில் கிஷோர் குமார்.

ஜான் வெயினும் பாடினாராமே?

வாயசைத்தார். 1933இல் 'ரைடர்ஸ் ஆஃப் டெஸ்டினி' படத்தில் பாடும் கௌபாயாக வந்தார், குரல் இரவல். ரசிகர்கள் நேரில் பாடச் சொல்லிக் கேட்டால் என்ன செய்வது என்று அந்த வேடத்தையே விட்டுவிட்டார். இரவல் குரலைப் பற்றி யாரும் கவலைப்படாத ஊரில் பிறந்திருந்தால் அவருடைய சினிமா வாழ்க்கை எப்படிப் போயிருக்குமோ!

அந்தக் கிட்டார்களுக்கு ஏன் அவ்வளவு மதிப்பு?

1933இல் ஆட்ரி, மார்ட்டின் நிறுவனத்திடம் தனக்கென்று ஒரு கிட்டார் செய்யச் சொன்னார். கிட்டாரின் கழுத்துப் பலகையில் முத்துச்சிப்பியில் அவருடைய பெயரை இழைத்துக் கொடுத்தார்கள். அதுதான் முதல் டி-45. இரண்டாம் உலகப்போருக்கு முன் அந்த ரகத்தில் மொத்தம் 91 கிட்டார்கள்தான் செய்யப்பட்டன. கிட்டார் சேகரிப்பவர்கள் அவற்றின் பெயரைச் சொல்லும்போதே குரலைத் தாழ்த்துவார்கள். ஆட்ரியின் கிட்டார் இப்போது லாஸ் ஏஞ்சலஸில் அவர் பெயரிலுள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஏழைச் சிறுவர்களுக்கு சியர்ஸ் நிறுவனத்தின் தபால் பட்டியலில் ஆட்ரி பெயர் போட்ட மலிவுக் கிட்டார் கிடைத்தது.

இந்த ஏக்கத்தில் யாருக்கு இடமில்லாமல் போயிற்று?

கேட்க வேண்டிய கேள்வி. மாடு மேய்ப்பவர்களில் நான்கில் ஒருவர் கறுப்பினத்தவர் என்பது வரலாற்றாசிரியர்கள் பலரின் கணிப்பு. தொழிலையே கற்றுக்கொடுத்தவர்கள் மெக்சிகோவின் வாக்கேரோக்கள். 'ரோடியோ', 'லாரியட்', 'பக்கரூ' எல்லாம் ஸ்பானியச் சொற்களிலிருந்து வந்தவை. நிலமோ அங்கே முன்பிருந்தே வாழ்ந்த பழங்குடிகளிடமிருந்து பறிக்கப்பட்டது. திரையில் பாடியவர்களின் வரிசையைப் பார்த்தால் இது எதுவும் தெரியாது.

ஹெர்ப் ஜெஃப்ரீஸ் ஒருவர்தான் விதிவிலக்கு. டெட்ராய்ட் நகரத்து ஜாஸ் பாடகர். தெற்கே சுற்றுப்பயணம் போனபோது, கறுப்பினத்தவருக்கென்று ஒதுக்கிய கொட்டகைகளிலும் வெள்ளைக்கார கௌபாய் படங்களே ஓடுவதைப் பார்த்தார். 1937இல் 'ஹார்லம் ஆன் த பிரெய்ரி' படத்தில் கறுப்பினப் பாடும் கௌபாயாக வந்தார். 1939வரை இன்னும் சில படங்கள். பிறகு டியூக் எலிங்டன் குழுவில் பாடப் போய்விட்டார். 2014இல், நூறு வயதில் இறந்தார்.

எனக்கு இந்தப் பாடல்கள் பிடிக்கும் என்பதும், அவை காட்டும் மேற்கு சோப்புப் போட்டுக் கழுவியது என்பதும் இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்ல மற்றதை மறைக்கத் தேவையில்லை.

எப்போது முடிந்தது?

தொலைக்காட்சி வந்ததும். ஆட்ரியும் ராயும் 1950, 51இல் சின்னத்திரைக்கு நகர்ந்தார்கள். பெரிய திரையில் கடைசியாகக் களமிறங்கிய ரெக்ஸ் ஆலனின் கடைசிப் பாடும் படம் 1954இல் வந்தது. அதே சமயத்தில் கௌபாய் படங்களும் மாறின. 1952இல் 'ஹை நூன்' படத்தில் பாட்டு இருந்தது, டெக்ஸ் ரிட்டர் பாடினார், ஆஸ்காரும் கிடைத்தது. ஆனால் திரையில் நாயகன் பாடவில்லை. வியர்வையோடும் பயத்தோடும் தனியாகத் தெருவில் நடந்தான்.

அந்தக் காலத்துச் சிறுவர்கள் கிழவர்களான பிறகும் ஏன் உருகினார்கள்?

சனிக்கிழமை மதியம். அவ்வளவுதான் காரணம் என்று ஒருவர் சொன்னாலும் நான் மறுக்க மாட்டேன். ஒரு பத்துக் காசு நாணயம், சிற்றூர்க் கொட்டகை, சோளப்பொரி வாசனை, அப்பா அம்மா கூட இல்லாத இரண்டு மணி நேரம். அவர்கள் பிற்பாடு ஏங்கியது மேற்கு வெளிக்காக மட்டும் அல்ல, அந்தக் கொட்டகை நாற்காலிக்காகவும்தான். ஏக்கத்துக்குள் இன்னொரு ஏக்கம்.

இதற்கு ஆயுளும் உண்டு. ராய் ரோஜர்ஸின் குதிரை ட்ரிக்கர் 1965இல் இறந்தபோது, புதைக்க மனம் வராமல், தோலைப் பதப்படுத்திப் பின்னங்காலில் எழுந்து நிற்கும் கோலத்தில் நிறுத்திவைத்தார். கலிபோர்னியாவில் இருந்த அவருடைய அருங்காட்சியகத்தைப் பார்க்கக் கூட்டம் வந்தது. 1998இல் ஆட்ரியும் ராயும் மூன்று மாத இடைவெளியில் காலமானார்கள். அருங்காட்சியகம் 2003இல் மிசூரி மாநிலத்தின் பிரான்சன் நகருக்கு மாறியது. வந்தவர்களின் தலை நரைத்துக்கொண்டே போனது. பேரப்பிள்ளைகளுக்கு அந்தக் குதிரை யாரென்றே தெரியவில்லை. 2009 இறுதியில் மூடிவிட்டார்கள். அடுத்த ஆண்டு நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் ட்ரிக்கர் 2,66,500 டாலருக்குப் போயிற்று. வாங்கியது ஒரு கிராமப்புறத் தொலைக்காட்சி நிறுவனம். அதேபோலப் பதப்படுத்தி வைத்திருந்த ராயின் நாய் புல்லட்டையும் அதே நிறுவனமே வாங்கிக்கொண்டது.

அங்கே பிறக்காத, அந்தக் காலத்தைப் பார்க்காத நமக்கு ஏன் பிடிக்கிறது?

லயன் காமிக்ஸில் கௌபாய் நாயகன் டெக்ஸ் வில்லரின் படக்கதைகளைப் படித்து வளர்ந்தவர்களுக்குப் பாலைவனமும் பள்ளத்தாக்கும் எப்போதோ சொந்த ஊராகிவிட்டன. அந்த டெக்ஸே இத்தாலியில் பிறந்தவர். அவரும் பார்க்காத ஊரைத்தான் வரைந்துகாட்டினார்கள். படத்தில் எல்லாம் இருந்தது, சத்தம் மட்டும் இல்லை. எனக்கு இந்தப் பாடல்கள் அந்தக் கட்டங்களுக்குப் பின்னணி இசையாகத்தான் முதலில் வந்து சேர்ந்தன. டெக்ஸ் பாடும் ஆள் அல்ல என்பது தெரியும். நெருப்பு மூட்டிக் காபி குடிக்கும் கட்டத்தில் யாராவது பாடியிருக்கலாம்.

இசைக்குள்ளேயும் காரணம் இருக்கிறது. தாளம் குதிரை நடை: டக்குடக்கென்று, அவசரம் இல்லாமல். சன்ஸ் ஆஃப் த பயனியர்ஸ் பாடிய 'கூல் வாட்டர்' பாட்டைக் கண்ணை மூடிக் கேளுங்கள். தாகத்தில் ஒருவன் தன் கோவேறு கழுதையோடு பேசிக்கொண்டு போகிறான், எதிரே கானல் நீர். முதன்மைக் குரல் 'தண்ணீர்' என்று முடிக்கும் இடத்தில், பின்னாலிருந்து இன்னொரு குரல் அதையே மெல்லத் திருப்பிச் சொல்லும், தொலைவில் எதிரொலிப்பது போல. மூன்று குரல்கள் ஒட்டி உரசிக்கொண்டே போகும், எது யாருடையது என்று பிரிக்க முடியாது. ஊரைப் பிரிந்த எவனுக்கும் அந்த எதிரொலி புரியும்.

இதுவும் கன்ட்ரி இசையும் ஒன்றா?

பங்காளிகள். கன்ட்ரியின் வேர் அப்பலேச்சிய மலைகளிலும் தென்மாநிலங்களிலும். மலைநாட்டுக்காரனைப் பட்டிக்காட்டான் என்று கேலி செய்த காலத்தில், கௌபாய் தொப்பி கன்ட்ரி பாடகர்களுக்கு மரியாதை வாங்கிக் கொடுத்தது. பாட்டு வேறாகப் போன பிறகும் தொப்பியைக் கழற்றவில்லை.

இப்போதும் யாராவது பாடுகிறார்களா?

1977இல் நாஷ்வில்லில் தொடங்கிய ரைடர்ஸ் இன் த ஸ்கை குழு பாதி கிண்டலாகவும் பாதி பக்தியாகவும் இந்தப் பாணியைக் காப்பாற்றியது. 'டாய் ஸ்டோரி 2' படத்தில் வரும் பழைய கௌபாய் நிகழ்ச்சிப் பாட்டு அவர்கள் பாடியதே. நெவாடாவின் எல்கோ நகரில் 1985லிருந்து குளிர்காலத்தில் கௌபாய்க் கவிதைத் திருவிழா நடக்கிறது. மெய்யாகவே மாடு வளர்க்கிறவர்கள், வேலை குறைந்த பனிக்காலத்தில் கூடி, தாங்கள் எழுதியதைச் சொல்கிறார்கள், பாடுகிறார்கள். அவற்றில் சாணமும் உண்டு.

எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

முதலில் சன்ஸ் ஆஃப் த பயனியர்ஸ் குழுவின் 1934ஆம் ஆண்டு 'டம்ளிங் டம்பிள்வீட்ஸ்'. பிறகு 'கூல் வாட்டர்'. மூன்றாவதாக ஆட்ரியின் 'பேக் இன் த சேடில் அகெய்ன்', 1939. இவை மூன்றையும் இரவில், சத்தத்தைக் குறைத்துவைத்துக் கேளுங்கள். பகலில் கொஞ்சம் வெல்லப்பாகாகத் தெரியும். அதன்பின் பாட்ஸி மொன்டானா.

கடைசியாக, மேலே சொன்ன கார்ல் ஸ்ப்ரேக்கின் 1925ஆம் ஆண்டுத் தட்டு. அலங்காரம் இல்லாத குரல், கரகரவென்று ஊசி தேயும் சத்தம், அம்மாவைப் பார்க்கக் கிளம்ப இருந்தவன். அதைக் கேட்டுவிட்டு ஆட்ரியை மறுபடி ஒருமுறை போட்டுக்கொள்ளுங்கள்.